பல்லவி ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஒரு பாட்டின் எல்லா வரிகளையும் அதே குரல்தான் பாடுகிறது, தாளமும் ஒன்றுதான். ஆனாலும் மறுநாள் கேட்டவர் வாயில் முணுமுணுப்பாக மிஞ்சுவது இரண்டொரு அடி மட்டுமே. அந்த அடியை ஒட்டவைப்பது யார்? சொல்லை எழுதியவரா, மெட்டுப் போட்டவரா, ஓயாமல் ஒலிபரப்பிய வானொலியா, கூடச் சேர்ந்து பாடிய கூட்டமா? ஸ்டூடியோக்களில் இன்று ‘ஹூக்’ என்று அழைக்கப்படும் இந்தச் சமாசாரத்துக்குத் தமிழில் பல நூற்றாண்டுகளாகவே விடை தேடியிருக்கிறார்கள். யாப்பு இலக்கணம், கீர்த்தனை மரபு, திரைப்பாட்டுத் தொழில், அண்மைக்கால உளவியல் ஆய்வு என ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிலை வைத்திருக்கிறது.

இந்தப் பதில்களை உரசிப் பார்க்க மலேசியாவின் பட்டர்வொர்த் ஏற்ற ஊர். வானொலியில் மின்னல் எஃப்எம்மும் ராகாவும் கேட்கும் தமிழ் வீடுகளில் மலாய்ப் பாட்டும் ஹொக்கியன் பாட்டும் ஆங்கில பாப்பும் சேர்ந்தே காதில் விழுகின்றன. ஃபெர்ரி ஏறினால் எதிரே பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன். மலாய்த் திரையிசையின் பெருங்கலைஞர் பி. ரம்லி 1929இல் பிறந்த தீவு அது. தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகா ஆறுமுகமும் முன்னின்ற ‘அலிகேட்ஸ்’ குழு உருவானதும் அங்கேதான். தைப்பூச நாளில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் உறுமி மேளம் கேட்கும். மொழி புரிந்து பாடுவது, புரியாமல் பாடுவது, தனியாகப் பாடுவது, கூட்டமாகப் பாடுவது ஆகிய நான்கையும் இந்த நீரிணையின் இரு கரைகளிலும் பார்க்கலாம்.

முதலில் வருவதா, பின்னால் வருவதா?

பதில்களுக்குள் போகுமுன் ஓர் அமைப்பு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆங்கில பாப் பாட்டின் வழக்கமான வடிவத்தில் கதை சொல்லும் பகுதி முன்னால் வரும். பாட்டு படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொடும்போதுதான் கோரஸ் வெடிக்கும். 1960களுக்குப் பிறகு இந்த அமைப்பு ஓங்கியது. அதற்கு முந்தைய நியூயார்க் மெட்டுக்காரர்களிடம் முப்பத்திரண்டு தாளக்கட்டு கொண்ட வேறொரு வார்ப்பு இருந்தது.

தமிழ்ப் பாட்டில் நிலைமை தலைகீழ். பல்லவி முதலில் வந்து நிற்கும். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி என வளர்ந்த கீர்த்தனை மரபில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வரிசை நிலைபெற்றது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளியானபோது தமிழ்ப் பேசும்படம் இந்த வடிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. அனுபல்லவி நாளடைவில் தேய்ந்தது. முன்னிசையும் இடையிசையும் உள்ளே நுழைந்தன. பல்லவி மட்டும் இடம் மாறவில்லை.

இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. தமிழ்த் திரைப்பாட்டுக்குத் தனித் தலைப்பு வைக்கும் வழக்கம் இருந்ததில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும், இசைத்தட்டு உறையிலும், நேயர் விருப்பத்தில் அறிவிப்பாளர் சொல்லும்போதும் பல்லவியின் முதல் அடிதான் பாட்டின் பெயர். முதல் அடியை மறந்தவருக்குப் பாட்டைக் கேட்டு வாங்கவே வழியில்லை. ஆகவே தமிழில் முதல் அடிக்கு இரட்டை வேலை: அது இசைக்குள்ளும் பிடிக்க வேண்டும், பாட்டின் முகவரியாகவும் இருக்க வேண்டும். கோரஸ் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களைத் தமிழ்ப் பல்லவிக்கு நேராகப் பொருத்தும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

முதல் பதில்: ஓசை பிடித்து இழுக்கிறது

மிகப் பழைய பதில் யாப்பிலிருந்து வருவது. எதுகை, மோனை, இயைபு ஆகிய தொடைகளைத் தொல்காப்பியம் முதலாக இலக்கண நூல்கள் வகுத்திருக்கின்றன. எழுத்து பரவலாகாத சமூகத்தில் செய்யுளை மனப்பாடம் செய்ய உதவிய கருவிகள் இவை. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் அடுத்த அடி எப்படித் தொடங்கும் என்பது பாதி தெரிந்துவிடும். மீதியை நாக்கு தானே தேடிக்கொள்ளும்.

சந்தம் இதற்கு அடுத்த படி. பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் திருப்புகழில் சொல்லுக்கு முன்பே ஓசைக் கட்டு முடிவாகிவிடுகிறது. ‘தத்தன தனதன’ என்பது போன்ற குழிப்பை வைத்தே ஒவ்வொரு பாட்டும் அடையாளம் காணப்படுகிறது. பின்னாளில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இந்த நுட்பத்தை நடந்துபோகிறவர் வாய்க்குக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் தத்தகாரமாகப் பாடிக்காட்ட, பாடலாசிரியர் அதில் சொல்லை உட்கார வைக்கும் இன்றைய முறைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு மாதிரி. ‘தன்னன தானா தன்னன தானா’ என்று ஒரு மெட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெர்ரித் துறையை மனத்தில் வைத்து ‘அக்கரை போலாம் இக்கரை வேணாம்’ என்று எழுதினால் சரியாக உட்காருகிறது. ‘அக்’ என்ற அசையில் தாளம் விழுகிறது, அடுத்த இரண்டு குறிலும் ஓடிப் போகின்றன. இரு பாதியிலும் இரண்டாம் எழுத்து ஒத்திருக்கிறது. ‘லாம்’, ‘ணாம்’ இரண்டும் நீண்டு முடிகின்றன. ‘அக்கரை’யை எடுத்துவிட்டு ‘எதிர்க்கரை’ என்று போட்டால் ஒரு மாத்திரை கூடிவிடும். அழுத்தமும் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். ‘மறுகரை’ என்று போட்டால் கணக்கு இடிக்காது, தாளமும் தப்பாது. ஆனால் நான்கும் குறிலாகிவிட்டதால் முதல் அசையின் அடி போய்விடும், எதுகையும் போய்விடும். பொருள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. வாயில் நிற்கக்கூடியது முதலாவது மட்டும்தான்.

இந்தப் பதிலின் பலம், அதைக் கைவேலையாகச் சொல்லிக்கொடுக்க முடிவது. பலவீனமும் வெளிப்படையானது. எதுகையும் மோனையும் குறைவறப் பொருந்திய ஆயிரக்கணக்கான பல்லவிகள் வெளியான வாரத்திலேயே மறக்கப்பட்டன. தொடை நினைவுக்கு உதவுகிறது என்றால், அதே தொடை சரணத்திலும் இருக்கிறதே, அது ஏன் நிற்பதில்லை?

இரண்டாம் பதில்: மெட்டு முந்துகிறது

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற வாதம் தமிழ்த் திரையுலகில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கண்ணதாசனும் எம். எஸ். விஸ்வநாதனும் இணைந்து செய்த பாட்டுகளில் இரு வழியும் உண்டு. சொல் முந்தினால்தான் பாட்டுக்கு உயிர் என்பவர்களுக்குச் சான்றாக, ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்தில் பாரதி பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் அமைத்த மெட்டுகளைக் காட்டலாம். அச்சில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த சொற்கள் அங்கே புதுப் பல்லவிகளாகப் பரவின.

எதிர்த் தரப்பின் வாதமும் வலுவானதுதான். ‘அன்னக்கிளி’ (1976) முதலாக இளையராஜாவின் பாட்டுகளில் பல்லவி தொடங்குமுன் வரும் முன்னிசையும், சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசையும் பல்லவி அளவுக்கே நினைவில் நிற்கின்றன. அவற்றில் சொல்லே கிடையாது. ‘ரோஜா’ (1992) வழியே வந்த ஏ. ஆர். ரஹ்மான் காலத்தில் ஒலியின் நிறமே ஹூக்காக மாறியது. ‘காதலன்’ (1994) படத்தின் ‘முக்காலா முக்காபுலா’ பாட்டைத் தமிழ் தெரியாத மக்களும் பாடினார்கள். பொருளைத் தேடி அவர்கள் அதைப் பாடியிருக்க முடியாது.

மேற்கிலும் இந்தத் தரப்புக்கு வலுவான பிரதிநிதி இருக்கிறார். ஸ்வீடனைச் சேர்ந்த மேக்ஸ் மார்ட்டினுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. 1998இல் பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் பாட்டை எழுதியது முதல் அமெரிக்கப் பட்டியல்களில் தொடர்ந்து முதலிடம் பிடித்தவர். ஓர் அடியின் அசைக் கணக்கு அடுத்த அடியின் கணக்கோடு பொருந்த வேண்டும், சொல் அதற்குப் பின்னால் வரலாம் என்பது அவருடைய பாணி. மெட்டின் கணிதம் என்று இதைச் சொல்வார்கள். திருப்புகழின் குழிப்பைப் பார்த்துப் பழகியவருக்கு இது புதுச் சரக்காகத் தோன்றாது.

பொருளற்ற ஒலிகளை வைத்துப் பாட்டு எழுதுகிறார்கள் என்ற புகார் ஒவ்வொரு பத்தாண்டிலும் எழுகிறது. ஆனால் கும்மியிலும் தெம்மாங்கிலும் ‘தன்னானே’ என்ற எடுப்பு எப்போதும் இருந்திருக்கிறது. கச்சேரித் தில்லானாவில் ஜதியே பாட்டு. 1950களில் சந்திரபாபு யோடலிங் செய்தபோது அதற்கும் பொருள் கிடையாது. எனவே பொருளற்ற பல்லவி சரிவின் அடையாளம் என்ற முடிவுக்கு வரலாற்றில் ஆதாரம் மெலிது.

மெட்டே முதன்மை என்ற பதிலுக்கும் ஓட்டை உண்டு. ஒரே மெட்டு தெலுங்கிலும் இந்தியிலும் மொழிமாற்றாகப் போகும்போது சில இடங்களில் ஓடுகிறது, சில இடங்களில் படுத்துவிடுகிறது. மெட்டு மாறவில்லை, மாறியது சொல்லின் அசையும் உயிரெழுத்தும். உச்ச ஸ்தாயியில் ‘ஆ’ என்று வாய் திறந்து நிற்க வேண்டிய இடத்தில் ‘உ’ வந்து விழுந்தால் பாடகருக்கும் சிரமம், கூடப் பாடுகிறவருக்கும் சிரமம்.

மூன்றாம் பதில்: கேட்டுக் கேட்டுப் பழகியது

மூன்றாம் தரப்பு பாட்டைவிட்டுக் கடையைப் பார்க்கிறது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் தியோடர் அடோர்னோ 1941இல் வெகுஜன இசை பற்றி எழுதிய கட்டுரையில், எல்லா ஹிட் பாட்டுகளும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன, ரசிகர் விரும்பும்வரை அவை காதில் ஊற்றப்படுகின்றன என்று வாதிட்டார். 1968இல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் இதன் எளிய வடிவத்தைச் சோதனையில் காட்டினார்: ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மீது விருப்பம் கூடுகிறது.

மலேசியத் தமிழர்களின் இசை வரலாற்றில் இந்தப் பதிலுக்குப் பொருத்தமான சான்று ஒன்று உண்டு. ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் ஆங்கில ராப் பாடிய யோகி பி, ‘நட்சத்ரா’வோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார். அதில் கடல் கடந்து ஒலித்தது ‘மடை திறந்து’. ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டின் பல்லவி, ராப் வரிகளுக்கு நடுவே ஹூக்காக வந்து உட்கார்ந்தது. 26 ஆண்டுகளாக வானொலியிலும் கல்யாண மண்டபங்களிலும் கேட்டுக் கேட்டு ஊறிய பல்லவி அது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில், 1979ஆம் ஆண்டின் ‘நினைத்தாலே இனிக்கும்’ பாட்டு ஒன்றின் மறுவடிவத்தில் யோகி பியின் குரல் தமிழ்நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பழக்கம்தான் ஹூக் என்றால், பழகிய பல்லவியை எடுத்து ஒட்டுவதே குறுக்கு வழி.

ஆனால் ரீமிக்ஸ் அலையில் வந்தவற்றில் பெரும்பாலானவை நிற்கவில்லை. அவையும் பழகிய பல்லவிகளைத்தான் எடுத்தன. ‘மடை திறந்து’ நின்றதற்கு இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. வேகமாக, நெருக்கமாக, பேச்சுத் தொனியில் ஓடும் ராப் வரிகள் கேட்பவரை மூச்சுமுட்ட வைத்துவிட்டு, பிறகு மெட்டுள்ள பல்லவியில் இறக்கிவிடுகின்றன. பல்லவி அங்கே இளைப்பாறும் இடமாகிறது. அடோர்னோவின் பார்வைக்குள் இந்த ஏற்ற இறக்கம் அடங்காது.

திரும்பச் சொல்வது என்றாலே மாற்றமில்லாமல் சொல்வது என்று அவர் எடுத்துக்கொண்டதையும் கேள்வி கேட்கலாம். தியாகராஜரின் கீர்த்தனைகளில் பல்லவியின் முதல் அடி சங்கதி சங்கதியாக வளர்கிறது. சொல் மாறுவதில்லை, ஒவ்வொரு முறையும் அது வேறோர் உயரத்தைத் தொட்டுவருகிறது. அச்சு ஒன்றாக இருந்தும் கேட்பவர் சலிப்பதில்லை.

நான்காம் பதில்: அளந்து பார்த்தால்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆய்வாளர்கள் ஹூக்கை அளக்க முனைந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஆஷ்லி பர்கோயின் குழுவினர் ஓர் இணைய விளையாட்டை நடத்தினர். பாட்டை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காண்கிறோம் என்று அது கணக்கிட்டது. 2014இல் வெளியான முடிவில் ஸ்பைஸ் கேர்ள்ஸின் ‘வான்னபி’ (1996) முன்னிலை பெற்றது, சுமார் 2.3 நொடியில் மக்கள் அதைக் கண்டுபிடித்தனர்.

காதுக்குள் சுற்றிச் சுற்றி வரும் பாட்டுகளை 2010களில் கெல்லி யாகுபோவ்ஸ்கியும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். சுமார் 3,000 பேரிடம் திரட்டிய பட்டியலிலிருந்து 100 பாட்டுகளை எடுத்து, அதே அளவு புகழ்பெற்றும் மனத்தில் சுற்றாத 100 பாட்டுகளோடு ஒப்பிட்டார்கள். சுற்றும் பாட்டுகள் சற்றே வேகமானவை. மெட்டின் ஏறி இறங்கும் வடிவம் பழகியதாகவே இருந்தது. நடுவே எங்கோ ஒரு தாவல் மட்டும் எதிர்பாராததாக இருந்தது. முக்கால்வாசி பழக்கம், கால்வாசி வியப்பு என்று இதைச் சுருக்கலாம்.

எலிசபெத் மார்குலிஸ் 2014இல் வெளியிட்ட நூலில் இன்னும் துணிச்சலான சோதனை ஒன்று பேசப்படுகிறது. திரும்பச் சொல்வதை வேண்டுமென்றே தவிர்த்த லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் போன்றோரின் நவீன இசைத் துண்டுகளை எடுத்து, சில பகுதிகள் மீண்டும் வரும்படி வெட்டி ஒட்டினார்கள். கேட்டவர்கள் அந்த ஒட்டு வடிவங்களையே அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள்.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவதில் இரண்டு தடைகள். அடையாளம் காணும் வேகம் வேறு, பாடத் தூண்டும் ஈர்ப்பு வேறு. நொடியில் தெரிந்துகொண்டு உடனே நிலையம் மாற்றுகிற பாட்டும் உண்டு. அடுத்தது, இந்த ஆய்வுகளின் பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலப் பட்டியல்களிலிருந்து வந்தவை. எதிர்பாராத தாவல் என்பது எதை எதிர்பார்க்கப் பழகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கமகத்தோடு வளர்ந்த காதுக்கு வழுக்கிச் செல்லும் சுரம் வியப்பே அல்ல. தாளத்திலும் அப்படியே. அடி விழுந்தபின் ஒரு சிறு இடம் விட்டு எடுக்கும் அனாகத எடுப்பு தமிழ்ப் பாட்டில் சர்வசாதாரணம். கேட்பவர் தலை அந்த இடைவெளியை ஆட்டி நிரப்பிக்கொள்கிறது.

ஐந்தாம் பதில்: கூட்டத்துக்கு விட்ட இடம்

பினாங்கின் பொரியா மரபு ஐந்தாம் பதிலுக்கு வழிகாட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டாளத்தோடும் தென்னிந்திய முஸ்லிம்களோடும் முஹர்ரம் சடங்காகத் தீவுக்கு வந்து, பிறகு மலாய்க் கேளிக்கைக் கலையாக மாறியது என்று அதன் தோற்றம் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ரஹ்மா புஜாங் 1987இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். முன்னணிப் பாடகர் ஊர்ச் செய்தியையும் கேலியையும் இயைபோடு புனைந்து பாடுவார். ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் குழு ஆடிக்கொண்டே தொடக்க அடிகளைத் திருப்பிப் பாடும். புதியது தலைவருடையது. திரும்ப வருவது கூட்டத்தினுடையது.

உறுமி மேளத்திலும் இதே பங்கீடு. தைப்பூசக் காவடிக்கு முன்னால் போகும் குழுவில் ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வழியில் நிற்கிறவர்களும் ‘வேல் வேல்’ என்று சேர்ந்துகொள்வார்கள். தோட்டப்புறத்தில் பால்மரக் காட்டு வேலையோடும் கும்மியோடும் பாடப்பட்ட பாட்டுகளை முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தொகுத்திருக்கிறார்கள். எடுப்பவர் ஒருவர், தொடுப்பவர் பலர் என்ற முறை நாட்டுப்புறப் பாட்டில் பொது.

இந்தத் தரப்பின்படி ஹூக் என்பது கேட்பவருக்காகப் பாட்டில் காலியாக விடப்படும் இடம். மூச்சு அடங்கும் நீளம், தாய்க்கும் மகனுக்கும் எட்டும் சுர எல்லை, இரண்டாம் முறை கேட்கும்போதே சேர்ந்துகொள்ளும் எளிமை ஆகியவை அதற்கு வேண்டும். மலேசியாவைக் களமாகக் கொண்ட ‘கபாலி’ (2016) படத்தில் ‘நெருப்புடா’ என்ற ஒற்றைச் சொல் கொட்டகைக்குள் கூட்டத்தின் முழக்கமானது இந்த வழியில்தான். 2021இல் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ தோட்டத் தொழிலாளர் நினைவைக் கூவி அழைக்கும் பல்லவியில் வைத்தது. அது பரவிய பிறகு அந்தப் பல்லவிக்கும் பாட்டுக்கும் யார் யார் சொந்தக்காரர் என்ற தகராறு 2022இல் பொதுவெளிக்கு வந்தது. கூட்டத்துக்குரியது போல ஒலிக்கும் அடியை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதில் தொழிலுக்கு இன்னும் தெளிவில்லை.

ஆனாலும் கூட்டமே எல்லாமாகிவிடாது. நள்ளிரவில் தனியாகக் கேட்பதற்கென்றே நிலைத்த மெல்லிசைகள் ஏராளம். ‘குணா’ (1991) படத்தின் ‘கண்மணி அன்போடு’ பாட்டில் பேச்சும் பாட்டும் பின்னிக் கிடக்கின்றன. கூட்டமாகப் பாட வாகான வடிவமே அல்ல. 33 ஆண்டு கழித்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ (2024) என்ற மலையாளப் படம் அதைக் குகை மீட்புக் காட்சியில் வைத்ததும், புதுத் தலைமுறை அதைப் பாடத் தொடங்கியது. அங்கே ஒட்டவைத்தது கதைச் சூழல்.

பதினைந்து நொடிக் காலம்

2011 நவம்பரில் யூடியூபில் வெளியான ‘வொய் திஸ் கொலவெறி டி’ தமிழில் ஒரு திருப்பம். ‘3’ படம் திரைக்கு வருமுன்பே பாட்டு உலகைச் சுற்றிவந்தது. அதன் பல்லவியைப் பாட மொழி தடையாக இல்லை. பிறகு ஹூக் உடம்புக்கும் இறங்கியது. ‘மாரி 2’ (2018) படத்தின் ‘ரவுடி பேபி’, ‘பீஸ்ட்’ (2022) படத்தின் ‘அரபிக் குத்து’ இரண்டிலும் ஆட்ட அசைவு பல்லவியோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கிறது.

தளங்களின் விதிகளும் வடிவத்தை நெருக்குகின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். அமெரிக்கப் பட்டியல் பாட்டுகளை ஆராய்ந்த ஊபேர் லெவெயே கோவான், 1980களின் நடுவில் 20 நொடிக்கு மேல் இருந்த முன்னிசை 2015 அளவில் ஏறத்தாழ 5 நொடியாகச் சுருங்கியதைக் காட்டினார். கோரஸை முன்னால் இழுக்கும் இந்தப் போக்கு ஆங்கில பாப்பைத் தமிழ்ப் பல்லவியின் இடத்துக்கு அருகே கொண்டுவருகிறது என்று சொன்னால் மிகையாகாது. தமிழ்ப் பாட்டுக்கு வந்திருக்கும் நெருக்கடி வேறு: ரீல்ஸ் போன்ற குறுங்காணொளிகளில் முன்னிசையும் சரணமும் வெட்டப்படுகின்றன. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடைசெய்த இந்தியாவில் இந்த வேலையை ரீல்ஸும் ஷார்ட்ஸும் செய்கின்றன. பட்டர்வொர்த் இளைஞர்களுக்கு டிக்டாக்கும் சேர்ந்தே கிடைக்கிறது.

இதுவரை தெரிவதும் தெரிய வேண்டியதும்

ஐந்து பதில்களையும் அடுக்கிப் பார்த்தால், அவை ஒன்றையொன்று மறுப்பதைவிட வெவ்வேறு கட்டங்களை விளக்குவதே அதிகம் என்று தோன்றுகிறது. முதல் தடவை நாக்கில் உட்காருவதை யாப்பும் மெட்டும் விளக்குகின்றன. அடுத்த சில மாதங்களை ஒலிபரப்பும் பழக்கமும் விளக்குகின்றன. தலைமுறை தாண்டி நிற்பதற்குக் கூட்டத்தையும் சூழலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அளவீடுகள் முதல் இரண்டு கட்டங்களில் மட்டுமே ஓரளவு கைகொடுக்கின்றன.

முதல் நான்கு பதில்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை ஒட்டிக்கொள்ளும் அடியை மட்டும் தனியே எடுத்து ஆராய்கின்றன. தமிழ் வடிவமோ பல்லவியைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுகிறது. பிறகு சரணம் மேலே ஏறி, சொல்லை நெருக்கி, வேறு நிறத்தைக் காட்டி, கடைசி அடியில் பல்லவியின் எடுப்புக்குக் கொண்டுவந்து விடுகிறது. பொரியாவின் முன்னணிப் பாடகரும், யோகி பியின் ராப் வரிகளும், கீர்த்தனையின் சரணமும் செய்வது இந்த ஒரே காரியத்தைத்தான். பல்லவியின் ஈர்ப்பில் கணிசமான பங்கு, அதை விட்டுப் போய்த் திரும்புவதில் இருக்கிறது என்ற கருதுகோளை இச்சான்றுகள் ஆதரிக்கின்றன. நிறுவிவிட்டன என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வலுப்பெறவில்லை.

சரணமே இல்லாமல் பதினைந்து நொடித் துண்டாக மட்டும் புழங்கும் பல்லவிகள் பத்து ஆண்டு கழித்தும் பாடப்பட்டால் இந்தக் கருதுகோள் தளரும். முழுப் பாட்டாகக் கேட்கப்பட்டவை மட்டும் நின்றால் வலுப்பெறும். நான்கு மொழிப் பாட்டுகளோடு வளரும் பட்டர்வொர்த் போன்ற ஊர்க்காரர்களின் காது எந்த மெட்டைப் பழகியதாகவும் எதை வியப்பாகவும் எடுத்துக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒற்றை மொழிப் பட்டியல்களிலிருந்து வந்த முடிவுகள் அதற்குப் பொருந்துமா என்று அறிய, மின்னலும் ராகாவும் ஒலிபரப்பும் பாட்டுகளை வைத்தே அதே வகைச் சோதனைகளை நடத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.